கருவேலம் பறிகொடுத்த பெயர்!

கட்சி உடைந்தால் முதல் சண்டை எதற்கு? சின்னத்துக்கு! மரங்களின் உலகத்திலும் இந்தக் கூத்து நடந்திருக்கிறது. சின்னத்தைப் பறிகொடுத்தது நம்ம ஊர்க் கருவேல மரம். (சீமைக் கருவேலத்தோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அது வேறு ஜாதி.)

பி.காம். படித்தவனுக்கு இங்கே என்ன வேலை என்கிறீர்களா? கணக்கு இடிக்கிற இடமென்றால் எனக்கு மூக்கில் வியர்த்துவிடும், ஸார்!

ஒரு செடிக்குத் தாவரவியல் பெயர் வைத்தால் மட்டும் போதாது. 'இந்தப் பெயர் இதற்குத்தான்' என்பதற்குச் சாட்சி வேண்டும். செடியைக் காயவைத்து, தாளில் ஒட்டி, பத்திரமாக வைத்திருப்பார்கள். அதுதான் 'டைப்'. வீட்டுக்கு மூலப் பத்திரம் மாதிரி! பல இனங்கள் சேர்ந்த பேரினத்துக்கும் ஓர் இனம் டைப்பாக இருக்கும். நாளைக்குப் பேரினம் உடைந்தால், டைப் எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்துக்கே பழைய பெயர். மெஜாரிட்டி கணக்கெல்லாம் செல்லாது.

1754-ல் 'அகேசியா' பேரினத்தை வகுத்த ஃபிலிப் மில்லர், டைப் எதையும் குறிக்கவில்லை. பின்னால் வந்தவர்கள் கருவேலத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். நியாயம்தான். பழைய கிரேக்கர்கள் 'அகாகியா' என்றதே எகிப்திலிருந்த இந்த முள் மரத்தைத்தான்.

வம்பு பிறகு வந்தது. அகேசியா ஒரே வம்சமில்லை, பல வம்சங்களைச் சேர்த்துக் கட்டிய மூட்டை என்று தெரிந்தது. பிரித்தே ஆகவேண்டும். விதிப்படி பெயர் கருவேலத்தின் கோஷ்டிக்கு. ஆப்பிரிக்கப் படங்களில் ஒட்டகச்சிவிங்கி பக்கத்தில் குடை விரித்து நிற்குமே, அந்த மரமும் இந்தக் கோஷ்டிதான். மொத்தம் சுமார் 160 இனங்கள். எதிர்க் கோஷ்டியிலோ சுமார் 1,000. பெரும்பாலும் ஆஸ்திரேலியா. அவர்களுடைய தேசிய மலரே ஓர் அகேசியா!

2003-ல் இரண்டு ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் மனுப் போட்டார்கள். 'டைப்பையே மாற்றுங்கள். ஆயிரம் பெயரைத் திருத்துவதைவிட இது சுலபம்!'

நிபுணர் கமிட்டி ஒப்புக்கொண்டது. 2005-ல் வியன்னா மாநாட்டில் ஓட்டெடுப்பு. கமிட்டியை எதிர்த்து 54.9 சதவிகிதம்! ஜெயித்துவிட்டார்கள் என்கிறீர்களா? அதுதான் இல்லை. கமிட்டி முடிவைத் தள்ள 60 சதவிகிதம் வேண்டுமாம். மெஜாரிட்டி வாங்கியும் தோல்வி! ஓர் ஆஸ்திரேலிய மரம் டைப் ஆனது. 2011-ல் மறுபடியும் சண்டை. மாநாடு நடந்த ஊர் எது தெரியுமோ? மெல்போர்ன்! தீர்ப்பு மாறவில்லை.

கருவேலம் இப்போது 'வாச்செலியா நிலோட்டிகா'. மதராஸ் ராஜதானியில் செடி சேகரித்த டாக்டர் ராபர்ட் வைட், ஆர்னாட்டுடன் சேர்ந்து 1834-ல் வைத்த பேரினப் பெயர் 'வாச்செலியா'. மக்காவிலிருந்த வாச்செல் என்ற பாதிரியாரின் ஞாபகமாக. தூங்கிக் கிடந்த பெயரை எடுத்து மாட்டிவிட்டார்கள்.

கணக்குப்படி பார்த்தால் தீர்ப்பு சரி. ஆயிரம் லெட்ஜரைத் திருத்தச் சொன்னால் எந்தக் குமாஸ்தாவும் ராஜினாமா கடிதம் நீட்டிவிடுவான். ஆனாலும் மூலப் பத்திரம் கையிலிருந்தும் வீட்டை விட்டவனைப் பார்த்தால் மனசு கேட்கிறதா?

வேலங்குச்சியால் பல் விளக்கும் பெரியவரிடம் போய் 'வாச்செலியா' என்று சொல்லிப் பாருங்கள்.

"யாரு தம்பி அது, வெளியூரா?" என்பார்.