கடல்கன்னி வால் தைக்கப் போறீங்களா? துணிக்கு முன்னாடி ஃபின்ஸைப் பாருங்க!

செதில் டிசைன் போட்ட பளபள துணி ரெடி. தையல் மெஷினும் ரெடி. வீட்டிலேயே கடல்கன்னி வால் செய்து நீச்சல் குளத்தில் இறங்கும் ஆசை இன்று பலருக்கும் இருக்கிறது. ஆனால், அந்த வால் உங்களை முன்னோக்கித் தள்ளுமா, அவசரத்துக்குச் சட்டென்று கழன்று வருமா என்பதை முடிவு செய்வது துணி அல்ல. உள்ளே மறைந்திருக்கும் ஃபின்ஸ்தான். அதனால் முதலில் ஃபின்ஸ், அதன் அளவுக்கு ஏற்ப வால். இதுதான் சரியான வரிசை.

இதில் என்ன ஆபத்து?

வாலுக்குள் போனதும் இரண்டு கால்களும் ஒன்றாகிவிடும். தனித்தனியாக உதைக்க முடியாது, எழுந்து நிற்பதும் கஷ்டம். நன்றாக நீந்தத் தெரிந்தவர்கள்கூட இதில் தடுமாறலாம். கனடாவின் எட்மன்டன் நகரம் 2015-ல் தனது பொது நீச்சல் குளங்களில் இந்த வால்களுக்குத் தடை போட்டதும் பாதுகாப்பை மனதில் வைத்துத்தான்.

அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் உள்ள வீக்கி வாச்சி நீரூற்றில் 1947 முதல் கடல்கன்னி ஷோ நடக்கிறது. அங்கே நீந்துபவர்கள் முறையாகப் பயிற்சி எடுத்தவர்கள்; தண்ணீருக்கு அடியில் குழாய் வழியாகக் காற்றை இழுத்துக்கொள்கிறார்கள். வீடியோவில் ஈஸியாகத் தெரிவதற்குப் பின்னால் இவ்வளவு ஏற்பாடு இருக்கிறது.

என்னென்ன சாய்ஸ்?

ஜோடி ஃபின்ஸ்: ஸ்நோர்கெலிங்குக்குப் பயன்படுத்தும் சாதாரண ஜோடி. விலை குறைவு. வாலைக் கழற்றியதும் கால்கள் தனித்தனியாக இயங்கும் என்பது பெரிய ப்ளஸ். ஆனால் இரண்டும் இரண்டு பக்கம் போனால் வால் பிளந்த மாதிரி தெரியும். அதற்காக இரண்டையும் போல்ட் போட்டு இணைக்க வேண்டாம். அது காலைக் கீறும், துணியைக் கிழிக்கும், துருவும் பிடிக்கும்.

மோனோஃபின்: இரண்டு கால்களுக்கும் சேர்த்து ஒரே துடுப்பு. 1970-களின் தொடக்கத்தில் சோவியத் யூனியனில் நீச்சல் போட்டிக்காக உருவானது. வால் வடிவத்துக்கு இதுதான் பக்கா. புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ரப்பர் அல்லது மென்மையான பிளாஸ்டிக்கில் வரும் சிறிய மோனோஃபின் போதும்.

ஃபைபர் கிளாஸ், கார்பன் மோனோஃபின்: வேகம் அதிகம், விறைப்பும் அதிகம். பழக்கமில்லாத கணுக்காலுக்கு வலி நிச்சயம். முதல் வாலுக்கு இது வேண்டாமே!

வாங்கும்போது எதைப் பார்ப்பது?

விறைப்பு: துடுப்பின் நுனியைக் கையால் வளைத்துப் பாருங்கள். துணி மாதிரி தொங்கினால் தண்ணீரைத் தள்ளாது. வளையவே மறுத்தால் கெண்டைக்காலில் தசைப்பிடிப்பு வரும். வளைந்து, விட்டதும் நிமிர்ந்தால் அதுதான் உங்களுக்கானது.

அளவு: இறுக்கமாக இருந்தால் பாதம் மரத்துப்போகும். லூஸாக இருந்தால் உரசிக் கொப்புளம் வரும். இரண்டு சைஸுக்கு நடுவில் மாட்டிக்கொண்டால், பெரியதை எடுத்து நியோப்ரீன் சாக்ஸ் போட்டுக்கொள்ளலாம்.

கழற்றும் வசதி: இதுதான் ரொம்ப முக்கியம். குதிகால் பக்கம் ஒரு கையால் தள்ளினாலே ஃபின் கழன்று வர வேண்டும். பக்கிளைத் தேடித் தடவ வேண்டியிருந்தால் அந்த மாடலை விட்டுவிடுங்கள்.

மிதக்கும் தன்மை: வால் புசுபுசுவென்று தெரிய வேண்டும் என்று உள்ளே ஃபோம் திணிக்கிறவர்கள் உண்டு. ஃபோம் மிதக்கும். கால் மேலே வரும், தலை கீழே போகும். புரிகிறதா விபரீதம்?

துணி எப்படி இருக்கணும்?

நீச்சலுடைக்குப் பயன்படும் நைலான்-ஸ்பாண்டெக்ஸ் துணி நல்லது. இழுத்தால் விரியும், தண்ணீரில் கனம் கூடாது. இடுப்பில் கயிறு, பின்பக்க ஜிப் வேண்டாம். எலாஸ்டிக் போதும். ஃபின்ஸின் கூர்மையான ஓரங்கள் துணியைக் கிழிக்காமல் இருக்க, நியோப்ரீன் பட்டை ஒட்டிவிடுங்கள்.

தண்ணீரில் இறங்கும் முன்...

முதல் நாள் துணி வேண்டாம். ஃபின்ஸ் மட்டும் மாட்டி, இடுப்பளவு தண்ணீரில் டால்பின் போல உடலை வளைத்து நீந்திப் பழகுங்கள். உதை இடுப்பிலிருந்து வரணும், முழங்காலிலிருந்து அல்ல. பிறகு வாலோடு. நீந்துவதற்கு முன், தண்ணீருக்குள்ளேயே வாலையும் ஃபின்ஸையும் கழற்றிப் பாருங்கள். பதற்றமில்லாமல், ஒரே மூச்சுக்குள் வெளியே வர முடியவில்லையென்றால், அந்த வால் போட்டோஷூட்டுக்கு மட்டும்தான்.

குளத்தில் அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள். கடல் அலையில் இறங்க வேண்டாம். வேகவேகமாக மூச்சு வாங்கிவிட்டு மூழ்கும் பழக்கமும் கூடாது. முன்னறிவிப்பே இல்லாமல் மயக்கம் வரலாம். நன்றாக நீந்தத் தெரிந்த ஒருவர் உங்களை மட்டும் கவனித்தபடி பக்கத்தில் இருக்க வேண்டும். போட்டோ எடுப்பவரை அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அவர் கண் திரையில்தான் இருக்கும்!