பழைய போர் ரேடியோ மீண்டும் பேசுமா?

ஒரு காலத்தில் குண்டு வீசும் விமானத்தில் பறந்த ரேடியோ அது. இப்போது ஒருவர் வீட்டு மேஜையில் இருக்கிறது. வயது 80! அது மறுபடியும் பேசுமா?

பேசும். ஆனால் பொறுமை வேண்டும். போரில் தப்பிய ரேடியோ, "ஓடுகிறதா, பார்ப்போம்" என்று பிளக்கைச் செருகிய ஒரே நிமிடத்தில் கருகிப் போவது உண்டு.

எங்கிருந்து வந்தன?

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க விமானங்களில் 'பி.சி.348' என்ற ரேடியோ இருந்தது. 1944இல் காரக்பூர் பகுதியில் இருந்து பறந்த ராட்சத பி-29 விமானங்களிலும் அதுதான். இன்னொன்று 'ஏ.ஆர்.88'. தரையில் வைத்துக் கேட்பது. 14 வால்வுகள் கொண்டது. எடை சுமார் 45 கிலோ!

போர் முடிந்ததும் இவை மலிவாக விற்பனைக்கு வந்தன. 'ஹாம்' எனப்படும் அமெச்சூர் வானொலி அன்பர்கள் ஆசையோடு வாங்கினார்கள்.

ஈரம் என்ற எதிரி

சீர்காழிக்குக் கடல் பக்கம். உப்புக் காற்று வீசும். 2022 நவம்பரில் ஒரே நாளில் 44 சென்டிமீட்டர் மழை கொட்டிய ஊர் இது. இப்படிப்பட்ட ஊரில் மூலையில் கிடந்த ரேடியோ என்ன ஆகும்?

உள்ளே மெழுகுக் காகிதத்தால் செய்த கண்டென்சர்கள் இருக்கும். ஒலியைப் போகவிட்டு, உயர்ந்த மின்சாரத்தைத் தடுத்து நிறுத்துவது அவற்றின் வேலை. காகிதம் ஈரத்தை உறிஞ்சினால், கரை உடைந்த வாய்க்கால் போல மின்சாரம் கசியும். அடுத்த வால்வு அளவுக்கு மீறிச் சூடாகிக் கெடும். கண்டென்சர் விலை சில ரூபாய். வால்வோ தேடினாலும் எளிதில் கிடைக்காது! ஆகவே முதலில் கண்டென்சரைச் சோதித்து மாற்ற வேண்டும்.

எந்த மின்சாரம்?

பி.சி.348 விமானத்தின் 28 வோல்ட்டில் ஓடியது. வீட்டு மின்சாரம் 230 வோல்ட். நேராகக் கொடுத்தால் தீர்ந்தது கதை! அதற்கென்று தனி மின்பெட்டி வேண்டும்.

வீட்டு மின்சாரத்தில் ஓடும் ஏ.ஆர்.88க்கு ஒரு நல்ல வழி உண்டு. 100 வாட் குண்டு பல்பு ஒன்றை சீரிஸில் இணைக்க வேண்டும். பல்பு பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே எங்கோ ஷார்ட். உடனே நிறுத்திவிட வேண்டும். ஒரு கணம் எரிந்து மங்கினால் மேலே போகலாம்.

கடைமடையில் தொடங்கு!

வயலுக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் விவசாயி என்ன செய்வார்? கடைமடையில் இருந்து ஒவ்வொரு மதகாகப் பார்த்துக்கொண்டே மேலே போவார். ரேடியோவுக்கும் அதே வழிதான். முதலில் ஸ்பீக்கர், பிறகு கடைசி வால்வு, அதற்கு முந்திய வால்வு என்று பின்னோக்கிப் போனால், பழுது எந்த இடத்தில் என்று தெரிந்துவிடும்.

உள்ளே இருக்கும் திருகுகளை மட்டும் காரணமில்லாமல் திருப்பக் கூடாது. தொழிற்சாலையில் அளந்து வைத்தவை அவை.

உயிர் முக்கியம்

சுவிட்சை அணைத்த பிறகும் கண்டென்சரில் மின்சாரம் தங்கி இருக்கும். அதன் ஷாக் ஆளையே கொல்லலாம். பழக்கமில்லாதவர்கள் மூடியைத் திறக்கக் கூடாது; குழந்தைகளைக் கிட்டே விடக் கூடாது. போர்க்கால மீட்டர்கள் சிலவற்றில் எண்கள் மீது ரேடியம் பூசி இருப்பார்கள். அதைச் சுரண்டுவது ஆபத்து.

பாட்டு வருமா?

பி.சி.348இல் சீர்காழி கோவிந்தராஜன் பாட்டுக் கேட்கலாம் என்று நினைத்தால் ஏமாற்றம்தான்! நம் நிலையங்களின் மீடியம் அலை அதில் கிடையாது. சிற்றலையில் ஹாம் அன்பர்கள் தூர தேசங்களில் இருந்து பேசுவதைக் கேட்கலாம். ஏ.ஆர்.88இன் சில வகைகளில் மீடியம் அலையும் உண்டு.

கேட்பது வேறு, பேசுவது வேறு. பேச அரசாங்க லைசென்ஸ் வேண்டும். 2004 டிசம்பர் சுனாமியில் அந்தமானில் தொலைபேசித் தொடர்பு அறுந்தது. அப்போது லைசென்ஸ் பெற்ற ஹாம் அன்பர்களே, உறவினர் கதி தெரியாமல் தவித்தவர்களுக்குச் செய்தி சொன்னார்கள்.

போருக்காகச் செய்த பெட்டிதான். பழுது பார்க்கத் தெரிந்த கையில் கிடைத்தால், அதற்கு இன்னொரு ஆயுள் உண்டு.