தானே ஓடும் யந்திரம் உண்டா?

ஒரு சங்கத்தின் கணக்கைப் பார்வையிடச் சென்றிருந்தபோது, தீர்மானப் புத்தகத்தில் ஒரு விஷயம் நம் கண்ணில் பட்டது. மின்சாரமும் டீசலும் இன்றி நீர் இறைக்கும் யந்திரத்திற்குச் சேமநிதியிலிருந்து முன்பணம் கொடுப்பதென்று யோசனை. தியாகராய நகரில் ஒரு கூடத்தில் அதை ஒரு மணி நேரம் ஓட்டிக் காட்டினார்களாம். மேல்தொட்டி நீர் விழுந்து சக்கரத்தைச் சுற்றும். சக்கரம் மின்சாரம் தரும். அம்மின்சாரமே நீரை மீண்டும் மேலேற்றும் என்கிறது விளம்பரத் தாள்.

கணக்கிட்டுப் பார்ப்போம். 100 லிட்டர் நீரை 10 மீட்டர் ஏற்ற ஏறத்தாழ 9,800 ஜூல் சக்தி வேண்டும். விழும்போது அது தரக்கூடியதும் அதே 9,800தான். நீர்ச்சக்கரம் அதில் நூற்றுக்கு 80 பங்கையும், ஜெனரேட்டர் தனக்கு வந்ததில் 90 பங்கையும், மோட்டார் 85 பங்கையும், பம்பு 65 பங்கையும் பயன்படுத்துவதாகத் தாராளமாகவே வைத்துக்கொள்வோம். முடிவில் மேலே ஏறுவது 40 லிட்டர். அடுத்த சுற்றில் 16. வயலுக்கு என்ன மிஞ்சும்?

உராய்வை அறவே ஒழித்துவிட்டாலோ? 100 லிட்டர் விழுந்தால் 100 லிட்டர் ஏறும், அவ்வளவே. அதில் ஒரு குடத்தை வாய்க்காலுக்குத் திருப்பினால் அக்குடம் குறைந்ததுதான். நெசவாளருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ராட்டையிலிருந்து கையை எடுத்தால் சில சுற்றுகளில் நின்றுவிடும். நூல் ஏறிக்கொண்டிருந்தால் இன்னும் விரைவில் நிற்கும். காற்றாடியும் சூரிய ஒளித் தகடும் வேறு வகை. அவற்றுக்குச் சக்தி வெளியிலிருந்து வருகிறது.

இவ்வாசை புதிதன்று, மூடர்களுடையதும் அன்று. பாஸ்கராசாரியர் 1150-ல் இயற்றிய சித்தாந்த சிரோமணியிலேயே, உட்குழிந்த ஆரங்களில் பாதரசம் பெய்து தானே சுழலும் சக்கரம் ஒன்று வர்ணிக்கப்படுகிறது. ஒரு புறத்துப் பாதரசம் அச்சிலிருந்து தள்ளி நிற்பது மெய். ஆயின் மறுபுறத்தில் அளவு மிகுந்து சமனாகிவிடுகிறது. பாரிஸ் விஞ்ஞானக் கழகம் 1775-லேயே இத்தகைய யந்திரங்களைப் பரிசீலிப்பதில்லையெனத் தீர்மானித்தது. நமது 1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 3-ஆம் பிரிவும், இயற்கை விதிகளுக்கு வெளிப்படையாக முரணானவற்றுக்கு உரிமை மறுக்கிறது. ஆகவே, "காப்புரிமைக்கு விண்ணப்பித்துள்ளோம்" என்று தாளில் அச்சிட்டிருப்பதற்கு, கிண்டி அலுவலகத்தில் ஒரு மனு கொடுக்கப்பட்டிருக்கலாம் என்பதற்கு மேல் பொருளில்லை. 1996-ல் நாடெங்கும் பேசப்பட்ட மூலிகைப் பெட்ரோல் விவகாரத்தில், 2016-ல் எழும்பூர் நீதிமன்றம் மூன்றாண்டுச் சிறைத் தண்டனை விதித்ததைச் சங்கத்தார் மறந்துவிட்டனர் போலும்.

செயலாளரிடம் ஒன்று சொல்லி வந்தோம். பாட்டரிகளையும் கம்பிகளையும் கழற்றி, யந்திரத்தைத் தரையிலிருந்து உயர்த்தி வைத்து, நம் கிணற்றில் ஒரு முழு நாள் நீர் இறைத்துக் காட்டட்டும். முன்பணம் அதன் பிறகு. அவ்வாறே கடிதம் போயிற்று. பதில் இன்னும் வரவில்லை.