வளவில் கிடக்கும் பழைய ஜீப்

வவுணதீவிலும் அதனைச் சூழ்ந்த படுவான்கரைக் கிராமங்களிலும் ஓடாத இயந்திரம் ஒன்று கிடக்கும் வளவுகள் உண்டு. ஒரு வீட்டில் லாண்ட் மாஸ்டர், இன்னொரு வீட்டில் தண்ணீர்ப் பம்பி, எங்கோ ஒரு வீட்டில் பழைய ஜீப். "அவர் இருந்திருந்தால் திருத்தியிருப்பார்" என்ற ஒரு சொல்லோடு அது அப்படியே துருப்பிடித்துக் கிடக்கிறது. ஒருநாள் பழைய இரும்பு வாங்குபவர் படலையடியில் வந்து நிற்பார். நிறைக்கு விலை பேசுவார். பிள்ளைகளின் படிப்புச் செலவு கண்முன் வர, கொடுத்துவிடுவோம்.

விற்பது தவறல்ல. எதை விற்கிறோம் என்று தெரியாமல் விற்பதே நட்டம். அந்த இயந்திரத்தை ஒருமுறையாவது எமது கையால் திறந்து பார்த்தால் என்ன?

போருக்குப் பின் பெண்களுக்குக் கிடைத்த உதவிகளெல்லாம் வாழ்வாதாரம் என்ற பெயரிலேயே வந்தன. தையல் இயந்திரம், ஆடு, கோழி. அவை தேவையானவைதான். ஆனால் மனதுக்குப் பிடித்த ஒரு வேலையைப் பொழுதுபோக்காகச் செய்யப் பெண்ணுக்கும் உரிமை உண்டு என்பதை யாரும் நினைப்பதில்லை. உலகின் பல நாடுகளில் பழைய ஜீப்பை ஓய்வு நேரத்தில் ஆணி ஆணியாகக் கழற்றிப் பூட்டி ஓட வைப்பது பலருக்குப் பெரு விருப்பமான பொழுதுபோக்கு. அது ஆண்களுக்கு மட்டும் எழுதி வைக்கப்பட்டதல்ல.

தட்டுப்பாட்டில் பிறந்த வண்டி

இலங்கையில் மலையகத் தோட்டப் பாதைகளில் இன்றும் ஓடும் பழைய லாண்ட் றோவரை எடுத்துக்கொள்வோம். இரண்டாம் உலகப் போர் முடிந்தபின், போரில் மிஞ்சிய ஒரு வில்லிஸ் ஜீப்பைத் தன் தோட்டத்தில் பாவித்து வந்த மோரிஸ் வில்க்ஸ் என்ற பொறியியலாளரின் யோசனையில் உருவானது அது. அப்போது பிரித்தானியாவில் உருக்குக்குக் கட்டுப்பாடு. அதனால் உடலை அலுமினியக் கலவைத் தகட்டால் செய்தார்கள். 1948 ஏப்ரலில் அம்ஸ்ரடாம் கண்காட்சியில் அதை முதன்முதலாகக் காட்டினார்கள். அந்த வழியில் வந்த டிபென்டர் வண்டிகளின் உற்பத்தி 2016 ஜனவரியில்தான் நின்றது. போரின் மிச்சத்திலும் தட்டுப்பாட்டிலும் பிறந்த வண்டி என்பதால்தானோ என்னவோ, எளிய கருவிகளால் கழற்றிப் பூட்டக்கூடியதாக அது அமைந்தது.

தட்டுப்பாடு எமக்குப் புதியதல்ல. 1990 இல் போர் மீண்டும் வெடித்த பின் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் போகவில்லை. அங்கே பழைய மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். குளிர்ந்த இயந்திரத்தில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. ஆகவே காபுரேற்றருக்குள் கொஞ்சம் பெற்றோல் விட்டு இயக்கி, சூடானபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். புகை கக்கினாலும் நோயாளரையும் கர்ப்பிணிகளையும் அந்தக் கார்கள் ஏற்றிச் சென்றன. படுவான்கரையிலும் எரிபொருளும் பற்றரியும் தடைப்பட்ட காலத்தை நாம் மறக்கவில்லை. வலையிறவுப் பாலத்தைக் கடந்து எதைக் கொண்டு வந்தாலும் சோதனைச் சாவடியில் அவிழ்த்துக் காட்டிய காலம் அது. இல்லாததைக் கொண்டு சமாளிக்கும் அறிவு எமது பெண்களிடம் நிறையவே இருக்கிறது. அதை ஸ்பனர் பிடிக்கவும் பயன்படுத்தலாம்.

பெண்ணுக்கு ஏலாதா?

மோட்டார் வாகனத்தில் முதன்முதலாக நெடுந்தூரம் சென்றவர் ஒரு பெண். 1888 இல் ஜேர்மனியில் பேர்த்தா பென்ஸ் தன் இரு மகன்மாருடன் ஏறத்தாழ 100 கிலோமீற்றர் ஓட்டிச் சென்றார். வழியில் எரிபொருள்க் குழாய் அடைத்தபோது தொப்பி ஊசியால் குத்தி எடுத்தார். பிறேக் தேய்ந்தபோது செருப்புத் தைப்பவரிடம் தோல் வைத்துத் தைப்பித்தார். பின்னாளில் பிரித்தானிய மகாராணியான எலிசபெத், 1945 இல் பெண்கள் துணைப்படையில் சேர்ந்து வாகனம் ஓட்டவும் டயர் மாற்றவும் இயந்திரம் திருத்தவும் பழகினார். இளவரசியின் கையில் ஒயில் படலாம் என்றால் எமது கையில் படக்கூடாதா?

எங்கிருந்து தொடங்குவது?

முதலில் பாதுகாப்பு. பற்றைக்குள் கைவிடப்பட்டுக் கிடக்கும் வாகனத்தைத் தொடவேண்டாம். வெடிபொருள் என்று சந்தேகம் தோன்றினால் விலகி நின்று பொலிஸாருக்கோ கிராம உத்தியோகத்தருக்கோ அறிவியுங்கள். எமது வளவு வண்டியென்றாலும் ஜக்கை மட்டும் நம்பி அடியில் நுழையக்கூடாது. உறுதியான மரக்கட்டைகளை முட்டுக்கொடுக்க வேண்டும். பழைய பிறேக் பட்டிகளில் அஸ்பெஸ்ரஸ் இருக்கலாம். அந்தத் தூசை ஊதாமல், ஈரத் துணியால் துடையுங்கள். பிள்ளைகளைத் தள்ளி இருக்கச் சொல்லுங்கள்.

பற்றரியைக் கழற்றும்போது வண்டியின் உடலோடு இணைந்த வயரை முதலில் கழற்றுங்கள். லாண்ட் றோவரின் அலுமினிய உடல் துருப்பிடிக்காது. ஆனால் அடியிலுள்ள உருக்குச் சட்டம் துருப்பிடிக்கும். மாரி வெள்ளத்தில் சேறு தங்கிய இடங்களைச் சிறு சுத்தியலால் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் நல்லது. மந்தமாகக் கேட்டால் உள்ளே உக்கியிருக்கிறது. அதை ஒட்டுவேலை தெரிந்தவர் பார்க்கவேண்டும்.

ரேங்கில் தேங்கிய பழைய எரிபொருளை வெளியே எடுங்கள். பின் பிளக்கைக் கழற்றி, அந்தத் துளைகளில் சிறிது ஒயில் விட்டுச் சில நாட்கள் விடுங்கள். பழைய லாண்ட் றோவருக்கு முன்பக்கம் கைபிடி போட்டுச் சுற்றலாம். கியர் விழாதிருக்கப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சுற்றுங்கள். பெருவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைத்துப் பிடிக்கவேண்டும். இயந்திரம் திருப்பி உதைத்தால் பெருவிரல் முறியக்கூடும். சுற்றுகிறது என்றால் அந்த வண்டிக்கு இன்னும் உயிர் இருக்கிறது.

கழற்றும் ஒவ்வொரு ஆணியையும் எங்கிருந்து எடுத்தீர்கள் என்று கொப்பியில் எழுதி, பால்மா ரின்னில் தனித்தனியே வையுங்கள். மாதம் ஒரு சிறு தொகைக்கு மேல் செலவழிக்காதீர்கள். கடன் பட்டு உதிரிப்பாகம் வாங்கவேண்டாம். மூன்று நான்கு பேர் சேர்ந்து செய்தால் கருவிகளையும் பகிரலாம், கதையும் பேசலாம். முறையாகப் பழக விரும்புபவர்கள் தொழிற்பயிற்சி அதிகாரசபையிடம் கேட்டுப் பார்க்கலாம். கைப்பழக்கத்தால் கற்றவர்களும் மதிப்பீடு செய்யப்பட்டுத் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் பெற வழியுண்டு.

வண்டி யார் பெயரில்?

இது மிக முக்கியம். பதிவுப் புத்தகத்தைத் தேடி எடுங்கள். வீதியில் ஓட்டுவதற்குக் காப்புறுதியும் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் வருமான அனுமதிப் பத்திரமும் வேண்டும். கணவர் இறந்திருந்தால் உரிமை மாற்றம் செய்யவேண்டும். காணாமற்போயிருந்தால்? மரணச் சான்றிதழ் எடுக்க மனம் ஒப்பாத பெண்கள் எம்மிடையே பலர். 2016 இல் திருத்தப்பட்ட சட்டத்தின்படி, அவர் இறந்தார் என்று ஒப்புக்கொள்ளாமலே, காணாமற்போனவர் என்பதற்கான சான்றிதழைப் பெறலாம். இதனைக் கொண்டு என்ன செய்யலாம் என்பதைப் பிரதேச செயலகத்தில் உள்ள மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தரிடம் கேட்டறியுங்கள்.

வண்டி கடைசிவரை ஓடாமலும் போகலாம். அப்போதும், எந்தப் பாகம் நல்லது, எது உக்கியது, என்ன பெறுமதி என்று தெரிந்தபின் இரும்பு வாங்குபவரிடம் பேசும் பெண்ணை இலகுவில் ஏமாற்ற முடியாது. லாண்ட் மாஸ்டர் நின்றாலும் பம்பி நின்றாலும் அவள் பிறர் வரும்வரை காத்திருக்கமாட்டாள். அவர் விட்டுச் சென்றதைப் பார்த்துப் பார்த்து அழுவதற்கு மட்டுமே வைத்திருக்கத் தேவையில்லை. கையில் ஒரு ஸ்பனரை எடுத்து, முதல் ஆணியைக் கழற்றிப் பாருங்கள் சகோதரிகளே.