மூவகைச் சான்றும் ஒலுவில் வெளிச்சவீடும்

‘ஆவணம்’ என்பது தமிழில் நெடுங்காலமாக வழங்கிவரும் சொல். பழைய நூல்களில் அது கடைத்தெருவைக் குறித்தது. உரிமைப் பத்திரத்தையும் குறித்தது. இந்நாளில் ‘ஆவணப்படம்’ என்னும் தொடரிற் புகுந்து புதுவாழ்வு பெற்றிருக்கின்றது. ‘விவரணப்படம்’ என்று கூறுவாரும் நம் நாட்டில் உளர். இரு பெயரும் ஒரு பொருளையே சுட்டுமாயினும், நம் மாணாக்கர்க்கு முன்னதே ஏற்றது என்பேன். விவரித்தல் எவர்க்கும் எளிது. மன்றில் ஏறிச் சான்று பகரும் தகுதியுடையதாய் நிற்றல் அரிது. அத்தகுதியை உடையதே ஆவணம்.

கையடக்கத் தொலைபேசி ஒன்று இருந்தாற் படமெடுத்துவிடலாம் என்னும் காலம் இது. பாடசாலைகளிலே ‘உங்கள் ஊரின் சிறப்பிடம் ஒன்றைப் பற்றிப் படம் ஆக்குக’ என்று செயற்றிட்டம் கொடுக்கின்றனர். மாணாக்கரும் ஆர்வத்தோடு ஆக்குகின்றனர். ஐந்து நிமிடம் ஓடும், இன்னிசை ஒலிக்கும், வானிலிருந்து எடுத்த காட்சி மயக்கும், இறுதியில் ‘வாழ்க எம் ஊர்’ என்று முடியும். பார்த்தபின் அவ்விடத்தைப் பற்றிப் புதிதாக அறிந்தது யாது என வினவின் விடை கிடைப்பதில்லை. கருவி கைக்கு வந்த விரைவில் முறை கைக்கு வரவில்லை. அம்முறையை நாம் கடல்கடந்து தேடவேண்டியதில்லை. நம் இலக்கியத்திலேயே அது கிடக்கின்றது.

பெரியபுராணத்திலே சுந்தரமூர்த்தி நாயனாரின் திருமணப் பந்தரிற் புகுந்த முதியவர், ‘இவன் எனக்கு அடிமை’ என்று ஓலை காட்டுகின்றார். மணமகன் அதனைப் பறித்துக் கிழித்தெறிகின்றார். வழக்குத் திருவெண்ணெய்நல்லூர்ச் சபைக்கு வருகின்றது. அச்சபையார் ஒரு கூற்றை மெய்ப்பிக்கும் வழி மூன்று என்கின்றனர்: ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி. நடைமுறையில் இருந்துவரும் வழக்கம் ஒன்று, எழுத்து ஒன்று, அருகிருந்து கண்டாரின் சாட்சி ஒன்று. கிழிபட்டது படியோலை என்றும் மூலவோலை தம்மிடம் உண்டு என்றும் முதியவர் கூற, சபையார் அதனை வாங்கி, பாட்டனாரின் கையெழுத்தை வேறோர் எழுத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தபின்னரே தீர்ப்புரைத்தனர். ஓர் ஆவணப்படத்துக்கு வேண்டிய திட்டம் முழுவதும் இக்காட்சியில் அடங்கியிருக்கின்றது. அதனை நம் கரையிலுள்ள ஓர் இடத்தின்மேற் பொருத்திக் காண்போம்.

இடம்

அக்கரைப்பற்றிலிருந்து வடக்கு நோக்கிச் செல்வார் அட்டாளைச்சேனை, பாலமுனை ஆகிய ஊர்களைக் கடந்து ஒலுவிலை அடைவர். அங்கே கடற்கரையில் நிற்கின்றது வெளிச்சவீடு. ‘கலங்கரை விளக்கம்’ என்பது இதற்குரிய பழம்பெயர். சிலப்பதிகாரத்துக் கடலாடு காதையில் இப்பெயரைக் காண்கின்றோம். பெரும்பாணாற்றுப்படையோ, வான்தொடும் மாடத்தின் உச்சியில் இரவில் ஏற்றும் விளக்கு கடலிற் செல்லும் கலங்களுக்குத் துறையைக் காட்டும் செய்தியைச் சொல்கின்றது. ‘வெளிச்சவீடு’ என்பது நம் மக்கள் வாயிற் பிறந்த பெயர். எளிமையும் அழகும் உடையது. படத்தின் பெயரில் இதனையே வைத்தல் நன்று.

ஒலுவில் வெளிச்சவீடு 1999ஆம் ஆண்டில் எழுந்தது. அக்காலத்தில் துறைமுக அமைச்சராய் இருந்தவர் சம்மாந்துறையிற் பிறந்த எம். எச். எம். அஷ்ரஃப். அவர் 2000ஆம் ஆண்டு செப்டெம்பர் 16ஆம் நாள் வான்விபத்தில் மறைந்தார். 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தது. இலங்கையில் மிகுதியான உயிர்களை இழந்த மாவட்டம் நம் அம்பாறை. பின்னர் டென்மார்க் நாட்டின் கடனுதவியோடு 2008இல் ஒலுவில் துறைமுகப் பணி தொடங்கி, 2013ஆம் ஆண்டு செப்டெம்பர் முதலாம் நாள் துறைமுகம் திறக்கப்பட்டது.

வெளிச்சவீடு இளமையானது, கால் நூற்றாண்டைச் சிறிதே கடந்தது. ‘இதிலென்ன வரலாறு?’ என்று சிலர் வினவக்கூடும். அதன் அடியில் நடந்ததே வரலாறு. துறைமுகத்தின் அலைதடுப்புக் கல்லணைகள் எழுந்தபின் வடபாற் கரை அரிபடத் தொடங்கியது. தோணி ஏற்றி வைத்த மணற்பரப்பும் தென்னை நின்ற நிலமும் கடலுட் சென்றன. துறைமுக வாயிலையோ மணல் வந்து அடைத்தது. மீன்பிடித் தொழிலாளர் முறையிட்டனர். நிலம் கொடுத்தோரின் நட்டஈட்டுக் கோரிக்கைகள் நீண்டன. இத்தனையும் நம் கண்முன் நிகழ்ந்தவை. ஆயினும் இன்று பாடசாலைக்குச் செல்லும் சிறுவனுக்கு அக்கரை முன்பு எவ்வளவு அகலமாய் இருந்தது என்பது தெரியாது. தெரிந்தவர்களுக்கு முதுமை வருகின்றது. இடம் மறைவதற்கும் அதனை அறிந்தவர் மறைவதற்கும் இடைப்பட்ட குறுகிய காலத்திலேதான் ஆவணப்படம் எடுக்க இயலும்.

ஆட்சி

முதற் சான்று ஆட்சி. இடம் இன்று எவ்வாறு இருக்கின்றது, யார் அதனை ஆள்கின்றனர் என்பதனை நேரிற் காண்டல். படக்கருவியை எடுக்குமுன் மூன்று நாளேனும் வெறுங்கையோடு சென்று பார்த்தல் வேண்டும். விடியலில் யார் வருகின்றார், நண்பகலில் நிழல் எங்கு விழுகின்றது, இரவில் அவ்வொளி எத்திசையில் எட்டுகின்றது என்பவற்றைக் குறிப்பேட்டில் எழுதுக.

பின்பு அளத்தல். ஒரு மீற்றர்க் கோலை நிலத்தில் நேராக நாட்டி அதன் நிழலையும், அதே வேளையில் வெளிச்சவீட்டின் நிழலையும் அளந்தால் அதன் உயரம் கணக்கில் வந்துவிடும். ஒரு விளக்கு கடல்மட்டத்திலிருந்து 25 மீற்றர் உயரத்தில் இருப்பின், நீர்மட்டத்திற் கண்வைத்து நோக்குவானுக்கு ஏறக்குறைய 18 கிலோமீற்றர் வரை அது தோன்றும். அதற்கப்பால் உலகின் உருண்டை வடிவம் மறைத்துவிடும். கணித ஆசிரியரும் தமிழாசிரியரும் கைகோத்து நடத்தத்தக்க பாடம் இது.

அதனினும் சிறந்தது கரையை அளத்தல். அசையாத ஐந்து இடங்களைக் குறித்துக்கொண்டு, அங்கிருந்து நீர்விளிம்பு வரை உள்ள தூரத்தை மாதந்தோறும் ஒரு நாளில் அளந்து நாளும் நேரமும் எழுதிவைக்க வேண்டும். நம் கரையில் வற்றுப்பெருக்கின் வேறுபாடு ஒரு மீற்றருக்கும் குறைவே. எனினும் சாய்ந்த மணலில் அதுவும் கணக்கைக் குழப்புமாதலின் ஒரே நிலையில் அளப்பது முறை. ஓராண்டு இவ்வாறு அளந்த ஏடு, படத்தினும் விலையுயர்ந்ததாய்விடும்.

அளக்கும் மாணாக்கன் ‘ஏன்?’ என்று கேட்பான், கேட்க வேண்டும். அலை கரையிற் சாய்வாய் மோதுங்கால் மணலை ஒருபுறமாகத் தள்ளிச் செல்கின்றது. கரையோரமாக மணலாறு ஒன்று ஓடுகின்றது என்றே கொள்ளலாம். குறுக்கே கல்லணை நின்றால் ஒரு பக்கம் மணல் தேங்கும். மறுபக்கம் மணல் வரவின்றி மெலியும். 1876ஆம் ஆண்டிற் பணி தொடங்கிய சென்னைத் துறைமுகம் இதற்குப் பெருஞ்சான்று. அதன் தெற்கே மெரீனாக் கடற்கரை விரிந்தது. வடக்கே இராயபுரப் பகுதி அரிபட்டது. ஒலுவிலின் துயரம் ஒலுவிலுக்கு மட்டும் உரியதன்று என்பதனை மாணாக்கர் உணர்ந்தால், பழி கூறும் நோக்கு மாறிக் காரணம் தேடும் நோக்குப் பிறக்கும்.

ஆவணம்

இரண்டாம் சான்று எழுத்து. நில அளவைத் திணைக்களத்தின் பழைய வரைபடங்கள், துறைமுக அதிகார சபையின் வெளியீடுகள், கரையோரம் பேணல் திணைக்களத்தின் அறிக்கைகள், பிரதேச செயலகப் பதிவுகள், அந்நாளைய பத்திரிகைச் செய்திகள், வெவ்வேறு ஆண்டுகளில் எடுத்த செய்மதிப் படங்கள் என்பன தேடத்தக்கவை. 1995இற் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1996இல் உயர்வு பெற்ற தென்கிழக்குப் பல்கலைக்கழகம் ஒலுவிலிலேயே இருப்பது மாணாக்கருக்குப் பெருந்துணை. வீடுகளிலுள்ள திருமணப் படங்களையும் சுற்றுலாப் படங்களையும் மறக்கலாகாது. மணமக்களின் பின்னே தெரியும் கடற்கரை, அவர்கள் அறியாமலே பதிந்த ஆவணம். போரும் ஆழிப்பேரலையும் பல குடும்பங்களின் படங்களைக் கொண்டுசென்றன. எஞ்சியவற்றைப் படியெடுத்து, மூலத்தை உரியவரிடம் அன்றே திருப்பிக் கொடுத்தல் கடமை.

அயலார் காட்சி

மூன்றாம் சான்று மக்கள் வாய்மொழி. இதுவே இனியது, இடர் மிக்கதும் இதுவே. ஹதீஸ் கலையில் ஒரு செய்தியை ஏற்குமுன் அறிவிப்பாளர் வரிசையை ஆராய்வர்: இவர் யாரிடம் கேட்டார், அவர் யாரிடம் கேட்டார், அவர்கள் ஒருவரையொருவர் சந்தித்திருக்க இயலுமா என்று. நம் மாணாக்கரும் இதனைக் கைக்கொள்ளலாம். ‘இதனைத் தாங்கள் கண்டீர்களா, கேட்டீர்களா? கேட்டதாயின் யாரிடம்?’ என்று பணிவோடு வினவுக. கண்டதைக் கண்டதென்றும் கேட்டதைக் கேட்டதென்றும் படத்தில் வேறுபடுத்திக் காட்டுக.

கரைவலை இழுத்தோர், மீன் வாங்கி விற்ற பெண்கள், நிலம் கொடுத்தோர், துறைமுகத்தில் வேலை பெற்றோர், கல்லணை வேண்டும் என்போர், வேண்டாம் என்போர் ஆகிய அனைவரையும் கேட்க வேண்டும். ஒருவர் துறைமுகத்தை வரம் என்பார்; மற்றவர் அதனாற் கரை போயிற்று என்பார். இருவரையும் படத்தில் வைத்து, அருகே அளந்த கணக்கையும் வைத்தால் பார்ப்போரே சபையாராவர்.

அவர்கள் பேச்சைத் திருத்தலாகாது. தமிழாசிரியன் இவ்வாறு கூறுவது சிலர்க்கு வியப்பாகலாம். பின்னணி உரையைச் செந்தமிழில் எழுதுவோம், பிழையின்றி எழுதுவோம். ஆனால் கடற்றொழிலாளி ஒருவர் கச்சான், சோளகம், வாடை, கொண்டல் என்று காற்றுக்குப் பெயர் கூறுங்கால் அதனை ‘மேல்காற்று’, ‘கீழ்காற்று’ என்று மாற்றினால், சொல்லோடு அவரது அறிவும் அழிந்துவிடும். ‘கொண்டல்’ சங்கப் புலவர் அறிந்த சொல். அது நூலகத்தைவிட நம் கடற்கரையிலேயே உயிரோடு இருக்கின்றது.

நடிக்கச் செய்தலும் தகாது. 1922ஆம் ஆண்டில் வெளிவந்த ‘நானூக்’ என்னும் புகழ்பெற்ற படத்தில், துப்பாக்கியால் வேட்டையாடும் பழக்கத்துக்கு வந்துவிட்ட வடதுருவ மக்களைப் பழைய முறையில் ஈட்டி எறியச் செய்தார் ஃபிளாகர்ட்டி. படம் வாழ்கின்றது; அக்குறையும் உடன் வாழ்கின்றது. 1934இல் நம் நாட்டைப் பற்றிப் பசில் ரைட் ஆக்கிய ‘சோங் ஒஃப் சிலோன்’ என்னும் படம், 1681இல் ரொபர்ட் நொக்ஸ் எழுதிய நூலின் சொற்களைப் பின்னணி உரையாக்கிக்கொண்டது. பிறர் நம்மைப் பார்த்து எழுதியது போதும் என்று கூறேன். அதனோடு நம்மவர் குரலும் சேர வேண்டும் என்பேன்.

காலமும் காவலும்

படம் பதினைந்து நிமிடத்துக்கு மேற்பட வேண்டியதில்லை. பன்னிருவர் போதும், அவர்கள் ஒரே பாடசாலையினராய் இருத்தல் ஆகாது. அக்கரைப்பற்றின் தமிழ், முஸ்லிம் பாடசாலைகள் இரண்டிலிருந்தும் அறுவர் அறுவராய்ச் சேர்ந்தால், ஒருவர் வீட்டு முதியோரை மற்றவர் சென்று கேட்பர். அதுவே இச்செயற்றிட்டத்தின் பெரும்பயன். படம் பிடித்தல், ஒலி, அளவை, எழுத்துச் சான்று, நேர்காணல், பதிவேடு என்று ஆறு பணியாக்கி இருவர் இருவராய் ஏற்பிக்கலாம்.

துறைமுகமும் வெளிச்சவீடும் காவலுக்குரிய இடங்கள். அதிபரின் கடிதத்தோடு முன்னரே அனுமதி பெறாமல் உட்செல்லலாகாது. பெற்றோர் இசைவும் வேண்டும். அரிபட்ட கரையின் விளிம்பு எந்நேரமும் சரியும். அதன்மேல் நின்று படமெடுத்தலைக் கண்டிப்பாகத் தடுக்க வேண்டும். ஐப்பசி முதல் தை வரை மழையும் கொந்தளிப்பும் மிகுதி. ஆதலின் மாரிக்கு முன் ஒருமுறையும் மாரி கழிந்தபின் ஒருமுறையும், ஒரே இடத்தில் ஒரே கோணத்தில் நின்று படம் எடுத்தல் வேண்டும். அவ்விரு காட்சிகளை அடுத்தடுத்து வைத்தாற் பின்னணி உரையே தேவைப்படாது.

மூலமும் படியும்

படம் முடிந்து கைதட்டலும் பெற்றபின், எடுத்த காட்சிகளை அழித்துவிடுவது பெருவழக்கு. பதினைந்து நிமிடப் படம் படியோலை. வெட்டாத நேர்காணல்களும் அளவை ஏடுமே மூலவோலை. படியைக் கிழித்தாலும் மூலம் நின்றதாலன்றோ திருவெண்ணெய்நல்லூர் வழக்கு நிலைத்தது! 1981ஆம் ஆண்டு ஜூன் முதலாம் நாள் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராயின. வேறெங்கும் படியில்லாத ஏடுகள் மீளவே இல்லை. ஓரிடத்தில் மட்டும் வைத்திருத்தல் இழப்பதற்கு அணித்து. பாடசாலையில் ஒன்று, பல்கலைக்கழக நூலகத்தில் ஒன்று, ஈழத்து எழுத்துகளை மின்வடிவிற் பேணிவரும் நூலகம் நிறுவனத்துக்கு ஒன்று என மூன்றிடத்தில் வைக்க முயலுக. ஒவ்வொரு கோப்பின் மேலும் இடம், நாள், பேசியவர், கேட்டவர் ஆகிய நான்கையும் எழுதுக. பேசியவர் தம் பெயரை மறைக்க விரும்பின் அதனை மதித்திடுக.

காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள், மறைந்துபோன யாழ்க் கருவிகளை நூற்சான்றும் கணக்கும் கொண்டு ஆராய்ந்து பல ஆண்டு உழைத்து, 1947இல் ‘யாழ் நூல்’ தந்தார். மறைந்தபின் மீட்பது அத்துணை அரிய பணி. ஒலுவிற் கரையில் நம் மாணாக்கருக்கு வாய்த்திருப்பது அதனினும் எளிய பணி. பொருள் இன்னும் எஞ்சியிருக்கின்றது, கண்டவரும் இருக்கின்றனர். வரும் மாரிக்கு முன் முதல் அளவையை எடுத்துவிட்டால், இருபது ஆண்டின் பின் ‘இங்கே எவ்வளவு கரை இருந்தது?’ என்று கேட்பவனுக்கு, நாளும் நேரமும் இட்ட ஓர் ஏட்டை எடுத்து நீட்ட முடியும்.