காடு திருப்பித் தரும் மழை

“மழை கொட்டுவதால் மழைக்காடா, காடு இருப்பதால் மழையா?” என்று வாசகர் ஒருவர் கேட்டு எழுதியிருக்கிறார். அமேசானைப் பொறுத்தவரை இரண்டும் சரி. ஆனால் இரண்டாவதை நிரூபிக்க 1970கள் வரை ஆயிற்று.

நிலநடுக்கோட்டு வெயில், ஆண்டு முழுதும் மாறாத புழுக்கம், பிற்பகல் இடிமழை எல்லாம் பள்ளிப் பாடத்திலேயே உண்டு, விட்டுவிடுகிறேன். எனக்குப் பிடித்தது, எனேயஸ் சலாத்தி என்ற பிரேசில் அறிவியலாளர் மழைநீரைக் கொண்டு துப்புத் துலக்கிய கதை.

எல்லாத் தண்ணீரிலும் எடை கூடிய ஆக்சிஜன் கொஞ்சம் கலந்திருக்கும். மேகம் மழையாகும்போது அந்தக் கனத்த நீர்தான் முந்திக்கொண்டு இறங்கும். ஆகவே அட்லாண்டிக்கில் கிளம்பிய காற்று, ஆண்டீஸ் மலையை நோக்கிப் பெய்துகொண்டே போகப் போக, அதில் மிஞ்சும் ஈரம் இலேசாகிக்கொண்டே வரவேண்டும். சலாத்தியும் கூட்டாளிகளும் அமேசான் நெடுக மழைநீரைப் பிடித்துச் சோதித்தார்கள். எதிர்பார்த்த அளவு இலேசாகவில்லை! வழியில் எதுவோ கனத்த நீரை மறுபடி காற்றில் ஏற்றிக்கொண்டிருந்தது. குளத்து நீர் ஆவியாகும்போது கனமானது பின்தங்கிவிடும். மரம் அப்படிப் பிரித்துப் பார்ப்பதில்லை. வேர் உறிஞ்சியதை இலை அப்படியே வெளியேற்றுகிறது. கணக்குப் போட்டால், அங்கே பெய்யும் மழையில் ஏறத்தாழ பாதி, காடு திருப்பி அனுப்பியது. நம் ஊர் மொய்ப்பணம் மாதிரி, ஒரே ஈரம் பல இடங்களில் எழுதப்படுகிறது.

‘பூமியின் நுரையீரல்’ என்று அமேசானைப் புகழ்வது எனக்கு எரிச்சலூட்டும். அது உண்டாக்கும் ஆக்சிஜனில் அநேகமாக எல்லாவற்றையும் அதுவே செலவழித்துவிடுகிறது. உண்மையில் அது செய்யும் வேலை நீரிறைப்பு. அந்த ஈரம் ஆண்டீஸில் மோதித் தெற்கே திரும்பி பராகுவே, வட அர்ஜென்டினா வரை போகிறது. பிரேசில்காரர்கள் இதைப் ‘பறக்கும் ஆறுகள்’ என்கிறார்கள். தென்மேற்குப் பருவத்தில் தமிழ்நாட்டில் பெய்யும் மழையிலும் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகள் விட்ட ஈரம் இருக்கிறது என்று மும்பை ஐஐடி ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். நாமோ அங்கே ரிசார்ட்டுக்கு இடம் பார்க்கிறோம்.

பிரேசிலின் மாட்டோ குரோசோ மாநிலத்தில் காட்டை அழித்துச் சோயா போட்டவர்கள், அதை அறுத்த கையோடு மக்காச்சோளமும் விதைக்கிறார்கள். இரண்டு போகமும் தேற மழைக்காலம் நீண்டிருக்க வேண்டும். தெற்கு அமேசானில் காடழிந்த பகுதிகளில் மழை தொடங்கும் நாள் இப்போது தள்ளிக்கொண்டே போகிறது.