நஞ்சு புதைந்த நிலத்தில் மின்சாரம்

ஒரு மெகாவாட் சூரிய மின்நிலையத்துக்கு ஏறத்தாழ 4 முதல் 5 ஏக்கர் நிலம் வேண்டும். புதுப்பிக்கத்தக்க ஆற்றலுக்கான இலக்குகளை நாடுகள் உயர்த்திக்கொண்டே போகும்போது, அதற்கான நிலம் எங்கே என்ற கேள்வி எழுகிறது. விளைநிலமும் மேய்ச்சல் நிலமும்தான் பெரும்பாலும் முதலில் கண்ணில் படுகின்றன. ஆனால் உழவும் செய்ய முடியாத, வீடும் கட்டக் கூடாத நிலங்கள் எல்லாத் தொழில்வள நாடுகளிலும் இருக்கின்றன. மூடப்பட்ட ஆலைகள், ரசாயனக் கழிவு கொட்டிய இடங்கள், பழைய குப்பைமேடுகள் ஆகியவையே அவை. சுத்திகரித்த பின் சூரியத் தகடுகளுக்கும் காற்றாலைகளுக்கும் முதலில் ஒதுக்க வேண்டியவை இவைதான். நல்ல நிலத்தின் முறை அதற்குப் பிறகே வர வேண்டும்.

சுத்திகரிப்பு என்றால் நஞ்சு முழுவதையும் தோண்டி அகற்றுவது என்று பொருளல்ல. பெரிய குப்பைமேடுகளில் அது பெரும்பாலும் இயலாது. நீர் புகாத பிளாஸ்டிக் விரிப்பு, களிமண், மேல்மண் என்று அடுக்கடுக்காக மூடி, மழைநீர் உள்ளே இறங்காமல் தடுக்கிறார்கள். நஞ்சு அடியிலேயே இருப்பதால் கிணறு, ஆழமான அடித்தளம், பயிர் எதற்கும் அங்கே இடமில்லை. சூரியத் தகடுக்கோ மண்ணின் வளம் தேவையில்லை. வெயில் விழும் பரப்பு போதும். ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரிலுள்ள கியோர்க்ஸ்வெர்டர் குப்பைமேடு இதற்குச் சான்று. வீட்டுக் குப்பையோடு தொழிற்சாலைகளின் நச்சுக் கழிவும் கொட்டப்பட்ட அந்த மேட்டின் கசிவுநீரில் 1983இல் டையாக்சின் என்னும் கொடிய நஞ்சு கண்டறியப்பட்டது. பின்னர் அது மூடிக் காக்கப்பட்டது. சுமார் 40 மீட்டர் உயரமுள்ள அதே மேட்டில் இன்று காற்றாலைகளும் சூரியத் தகடுகளும் சுமார் 4,000 வீடுகளுக்கான மின்சாரத்தைத் தருகின்றன.

இதற்குச் செலவு அதிகமாகும் என்பது முதல் எதிர்வாதம். மூடிய அடுக்கைத் துளைக்கக் கூடாது என்பதால், கம்பங்களை மண்ணில் அடித்து இறக்காமல் கான்கிரீட் பாளங்களின் எடையால் தகடுகளை நிறுத்துகிறார்கள். குப்பை மக்கும்போது நிலம் ஓரிடத்தில் அதிகமாகவும் ஓரிடத்தில் குறைவாகவும் அமிழும். அமைப்பு அதையும் தாங்க வேண்டும். கனமான காற்றாலைக்கு நிலத்தின் தாங்கும் திறனைத் தனியே ஆராய வேண்டும். இந்தக் கூடுதல் செலவு உண்மைதான். ஆனால் பழைய தொழில் நிலங்களில் சாலையும் மின்கம்பித் தொடர்களும் பெரும்பாலும் ஏற்கெனவே உள்ளன. நியூயார்க் மாநிலத்தின் லாக்கவானாவில், ஈரி ஏரிக்கரையிலிருந்த பெத்லகேம் எஃகு ஆலையின் கசடு மேட்டில், 2007இல் 20 மெகாவாட் திறனுள்ள 8 காற்றாலைகள் எழுந்தன. எஃகு ஆலைக்காகப் போட்ட சாலைகளும் மின்தடங்களும் அவற்றுக்கு உதவின. 2012இல் மேலும் 6 காற்றாலைகள் சேர்ந்து, மொத்தத் திறன் 35 மெகாவாட் ஆனது.

இந்த நிலங்கள் மட்டுமே போதுமா? போதாது. ஆயினும் இங்கே நிறுவும் ஒவ்வொரு மெகாவாட்டும் சில ஏக்கர் நல்ல நிலத்தைக் காக்கிறது. வேலை குறித்த கவலையையும் ஒதுக்க முடியாது. எஃகு ஆலை பல்லாயிரம் பேருக்குப் பிழைப்பு தந்தது. காற்றாலைகளைப் பராமரிக்கச் சிலரே போதும். ஆகவே மின் விற்பனையின் வருவாயில் அந்த ஊருக்குப் பங்கு இருக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் கனமான எதிர்வாதம் வேறு. தகடுகளைப் பரப்பிவிட்டால், மாசுபடுத்திய நிறுவனம் அரைகுறைச் சுத்திகரிப்போடு தப்பிவிடாதா? அந்த அச்சம் நியாயமானது. தீர்வு, வரிசையை மாற்றாமலிருப்பது: சுத்திகரிப்பு முதலில், மின்நிலையம் பிறகு. மூடிய மேட்டின் நிலத்தடி நீரைப் பல பத்தாண்டுகளுக்குச் சோதிக்க வேண்டியிருப்பதால், மாசுபடுத்தியவரின் சட்டப் பொறுப்பு தகடுகள் வந்த பின்னும் தொடர வேண்டும். சோதனை முடிவுகள் சுற்றியுள்ள மக்களுக்குத் தெரிய வேண்டும். பல ஆண்டுகள் அந்த நஞ்சைச் சுமந்தவர்கள் அவர்களே; அந்த நிலத்தின் அடுத்த பயனை முடிவு செய்யும் இடத்தில் அவர்கள்தான் முதலில் அமர வேண்டும்.